சங்கிலிப்பட்டை ஊர்தியும் சாலைச் சட்டமும்

அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்தைக் கண்டு திரும்பிய மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியை ஒருவர் பழுதுநீக்கிச் சாலையில் ஓட்டினால் சட்டம் ஏற்குமா?” விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

பீரங்கியின் கதை வேறு. அது படைக்கலச் சட்டத்திற்கு உட்பட்டது. சாலைச் சட்டம் பார்ப்பது ஊர்தியின் பாதத்தை. நீராவி இழுவை எந்திரங்கள் பெருகிய காலத்திலேயே, 1861இல், பிரிட்டன் எடைக்கேற்பச் சக்கரத்தின் அகலத்தை வரையறுத்தது. அந்தக் கவலையின் தொடர்ச்சியே அந்நாட்டின் 1986ஆம் ஆண்டு விதிகள்: சங்கிலிப்பட்டையில் தரையைத் தொடும் பகுதி தட்டையாக இருத்தல் வேண்டும், அது தாங்கும் ஒவ்வோர் 1000 கிலோவுக்கும் குறைந்தது 225 சதுர செ.மீ. பரப்பு தரையில் படிய வேண்டும். ஓட்டுநருக்கும் தனி உரிம வகுப்பு உண்டு. ஆகவே அங்கே பழைய டாங்கி சாலைக்கு வருவது அரிது, ஆயினும் இயலாததன்று.

இந்தியாவில் நிலை வேறு. படைப்பணியில் உள்ள அரசு ஊர்திகளைத் தனி அதிகாரி பதிவுசெய்ய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஓய்வுபெற்றுத் தனியார் கைக்கு வரும் ஊர்திக்கு அந்த வழி இல்லை. 2021இல் வந்த பழம்பெரும் ஊர்தி விதிகள் 50 ஆண்டு கடந்த ஊர்திகளுக்குத் தனிப் பதிவும், கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்காகச் சாலையில் ஓடும் அனுமதியும் தந்தன. ஆனால் அவை சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளையே கருதின. கட்டுமான எந்திரங்களுக்கான வரையறையோ ரப்பர் சக்கரம், ரப்பர் பட்டை, எஃகு உருளை ஆகியவற்றையே பேசுகிறது. எஃகுச் சங்கிலிக்கு இவற்றில் எங்கும் இடமில்லை.

இத்தடையில் நியாயம் உண்டு. சேற்றில் எடையைப் பரப்பி டாங்கியைக் காக்கும் அதே பட்டை, திரும்பும்போது தார்ச்சாலையைக் கிழித்துவிடும். எனினும் இழப்பும் உண்டு. அந்த எந்திரத்தை ஓட்டிய, பழுதுநீக்கிய கைகள் முதுமையடைகின்றன. பீடத்தில் நிற்கும் டாங்கி தன் உருவத்தை மட்டுமே காக்கும். இயக்கும் அறிவு அவர்களோடு மறைந்துவிடும்.

ரப்பர் பட்டை, குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட நாள், சாலைச் சேதத்துக்கு முன்வைப்புத் தொகை ஆகிய நிபந்தனைகளோடு ஒரு விதிவிலக்கை எண்ணிப்பார்க்கலாம். பழைய காருக்கு நாம் அளித்த மதிப்பு, நாட்டைக் காத்த ஊர்திக்கும் உரியதே.