இந்தியப் பிராந்திய இராணுவம்

இந்தியப் பிராந்திய இராணுவம் என்பது இந்தியத் தரைப்படையின் ஓர் அங்கமாக இயங்கும் துணைநிலைப் படையாகும். பேச்சு வழக்கில் இது 'டெரிட்டோரியல் ஆர்மி' என்றும், சுருக்கமாக 'டி.ஏ.' என்றும் அழைக்கப்படுகிறது. வேறு தொழில் அல்லது வேலையில் இருக்கும் குடிமக்கள் ஆண்டின் ஒரு பகுதியில் இராணுவப் பயிற்சி பெற்று, போர்க்காலத்திலும் பேரிடர்க் காலத்திலும் பணிக்கு அழைக்கப்படுவது இதன் அடிப்படையாகும். 1948 ஆம் ஆண்டின் பிராந்திய இராணுவச் சட்டத்தின் கீழ் இப்படை உருவாக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநரான சி. இராஜகோபாலாச்சாரி 1949 அக்டோபர் 9 அன்று இதனை முறைப்படி தொடங்கி வைத்தார். அந்நாள் ஆண்டுதோறும் பிராந்திய இராணுவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. விழிப்பும் வீரமும் எனப் பொருள்படும் 'சாவ்தானி வ சூர்தா' என்பது இப்படையின் குறிக்கோள் வாசகம்.

இதனை ஊர்க்காவல் படையுடனோ தேசிய மாணவர் படையுடனோ குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊர்க்காவல் படை மாநில அரசுகளின் கீழ் காவல்துறைக்கு உதவுவது. தேசிய மாணவர் படை மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் அமைப்பு; அதன் உறுப்பினர்களுக்குப் போர்ப்பணிக் கடமை கிடையாது. பிராந்திய இராணுவ வீரரோ பணிக்கு அழைக்கப்பட்டதும் இராணுவச் சட்டத்திற்கு உட்பட்ட முழுப் போர்வீரர் ஆவார்.

முன்வரலாறு

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் தன்னார்வப் படைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களைக் கொண்டே அமைக்கப்பட்டன. முதல் உலகப் போரின்போது 1917 இல் இந்தியப் பாதுகாப்புப் படை தோற்றுவிக்கப்பட்டது. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய பிரித்தானியக் குடிமக்களுக்கு இதில் சேவை கட்டாயமாக்கப்பட்டது. இந்தியர்கள் விரும்பினால் சேரலாம் என்று மட்டும் இடமளிக்கப்பட்டது.

போருக்குப் பின் 1920 இல் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்குமான துணைப் படையை உருவாக்கியது. மற்றொன்று இந்தியர்களுக்கான இந்தியப் பிராந்தியப் படையை உருவாக்கியது. ஒரே நாட்டின் காப்புப் படை இன அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது அக்கால இந்தியத் தலைவர்களின் கடும் குறைகூறலுக்கு ஆளானது. இவ்விரு படைகளையும் ஆராய 1924 இல் சர் ஜான் ஷே தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. எனினும் பிரிவினை நீங்கவில்லை. விடுதலைக்குப் பின்னரே அனைவருக்கும் பொதுவான ஒரே படை என்ற நிலை வந்தது. இப்பின்னணியில் பார்க்கும்போது 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய படையை அமைத்ததுடன் பழைய வேற்றுமை ஒன்றையும் ஒழித்தது எனலாம்.

இந்தியப் பிராந்தியப் படைக்குத் தென்னிந்திய வரலாற்றில் தனி இடம் உண்டு. சிக்கனக் காரணங்களால் மெட்ராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் படையணிகள் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கலைக்கப்பட்டபோது, அதன் பிராந்தியப் படையணிகள் மட்டுமே எஞ்சி நின்றன. இரண்டாம் உலகப் போரில் ஆட்கள் தேவைப்பட்டபோது அவற்றை அடித்தளமாகக் கொண்டே அந்த ரெஜிமென்ட் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. பகுதிநேரப் படை ஒன்று நிரந்தரப் படையின் விதை நெல்லாகப் பயன்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சட்டமும் பணிக் கடமையும்

சட்டத்தின்படி இப்படையினரை மூன்று தேவைகளுக்காகப் பணிக்கு அழைக்கலாம்: குடிமை நிருவாகத்திற்கு உதவுவதற்கு, இன்றியமையாத இடங்களைக் காவல் காப்பதற்கு, நிரந்தர இராணுவத்திற்கு வலுச் சேர்ப்பதற்கு. மூன்றாவது வகை அழைப்பு 'எம்பாடிமென்ட்' எனப்படுகிறது. மத்திய அரசின் ஆணை இல்லாமல் ஒருவரை இந்திய எல்லைக்கு வெளியே பணியாற்றக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு பகுதிநேரப் படை நிலைத்திருக்க வேண்டுமானால் அதில் சேர்ந்தவரின் பிழைப்புக்குக் கேடு வரக்கூடாது. ஆகவே, பணிக்கு அழைக்கப்பட்ட ஊழியரை அவர் திரும்பி வந்ததும் மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமையை இச்சட்டம் முதலாளிக்கு விதிக்கிறது. தவறினால் இழப்பீடு வழங்க நேரிடும். அரசு ஊழியருக்கும் பொதுத்துறை ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு எளிதில் கைகூடும். சொந்தத் தொழில் செய்பவரின் கடை ஓராண்டு பூட்டிக் கிடந்தால் அதை ஈடுசெய்ய இச்சட்டப் பிரிவால் இயலாது.

ஓய்வூதியம் குறித்த விதியும் கவனிக்கத்தக்கது. அதிகாரிகளுக்கு 20 ஆண்டுகளும் ஏனைய படையினருக்கு 15 ஆண்டுகளும் தகுதிக் காலமாக உள்ளன. ஆனால் பெயர்ப் பதிவேட்டில் இருந்த காலம் முழுவதும் இதில் சேராது. பணிக்கு அழைக்கப்பட்டு உண்மையில் பணியாற்றிய காலங்கள் மட்டுமே கூட்டப்படும். எனவே ஒரு படையணியைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை, நிருவாகத்திற்குச் சிறிய செய்தியாக இருந்தாலும், தகுதிக் காலத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் சிப்பாய்க்குப் பெரிய செய்தியாகும்.

சேர்க்கையும் பயிற்சியும்

18 முதல் 42 வயது வரையுள்ள இந்தியக் குடிமக்கள் இப்படையில் சேரலாம். அதிகாரியாகச் சேர விரும்புபவர் பட்டதாரியாகவும், வருவாய் தரும் வேலை அல்லது தொழில் உடையவராகவும் இருக்க வேண்டும். வாழ்க்கைக்கான முழுநேர வேலையாக இப்படை கருதப்படுவதில்லை என்பதே இந்நிபந்தனையின் நோக்கம்.

காலாட்படைப் படையணிகள் நகரப் பிரிவுகள், மாகாணப் பிரிவுகள் என இரு வகையாகப் பகுக்கப்பட்டன. நகரப் பிரிவினர் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சி பெறுவர். நான்கு மணி நேரப் பயிற்சி ஒரு நாளாகக் கணக்கிடப்படும். மாகாணப் பிரிவினர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு மாதங்கள் முகாமில் பயிற்சி பெறுவர்.

பெண்கள் நீண்ட காலம் இப்படையின் பெரும்பாலான பிரிவுகளில் சேர இயலாதவர்களாக இருந்தனர். 2018 இல் தில்லி உயர் நீதிமன்றம் வேலையில் உள்ள பெண்களும் இப்படையில் சேரத் தகுதியுடையவர்கள் என்று தீர்ப்பளித்தது.

துறைசார் பிரிவுகள்

தொடக்கத்தில் இப்படையில் கவசப் படை, வான் பாதுகாப்புப் பீரங்கிப் படை, பொறியாளர், சமிக்ஞை, மருத்துவம் எனப் பலவகைப் பிரிவுகள் இருந்தன. 1972 அளவில் காலாட்படை நீங்கலாக இவற்றுள் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன அல்லது நிரந்தர இராணுவத்துடன் இணைக்கப்பட்டன. இரயில்வே, எண்ணெய், எரிவாயு ஆகிய துறைகளின் ஊழியர்களைக் கொண்ட பிரிவுகளும் இராணுவப் பொது மருத்துவமனைப் பிரிவுகளும் துறைசார் பிரிவுகள் எனப்படுகின்றன.

இவற்றுள் இரயில்வே பிரிவுகளின் வரலாறு சுவையானது, சற்றுச் சிக்கலானதும் கூட. எல்லைப் பகுதிகளில் போர்க்காலத்தில் தொடர்வண்டிகளை இயக்குவது இவற்றின் நோக்கம். 1971 போரில் அப்பணியைச் செய்தன. 1974 ஆம் ஆண்டின் நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தத்தின்போதும் இப்பிரிவுகள் பணிக்கு அழைக்கப்பட்டன. அதாவது, தொழிலாளியாகவும் படைவீரராகவும் இருந்த ஒருவர், தம் உடன் பணியாற்றுவோர் வேலைநிறுத்தம் செய்த அதே தண்டவாளத்தில் சீருடை அணிந்து வண்டியை இயக்க வேண்டியவரானார். மறுத்தால் அவர் எதிர்கொள்ள வேண்டியது இராணுவச் சட்டம். இரட்டை அடையாளம் கொண்ட ஒரு படையில் எழக்கூடிய இக்கட்டை இந்நிகழ்வு போல் வேறெதுவும் காட்டவில்லை. அண்மை ஆண்டுகளில், ஆறு இரயில்வே பிரிவுகளுள் ஜமால்பூரில் உள்ளதை மட்டும் தக்கவைத்து ஏனைய ஐந்தையும் கலைக்க முடிவு செய்யப்பட்டது.

சுற்றுச்சூழல் படையணிகள்

இப்படையின் மிகத் தனித்தன்மை வாய்ந்த பிரிவுகள் இவையே. முசூரி மலைப்பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களால் மலைச்சரிவுகள் மொட்டையாகி, நீரூற்றுகள் பாழ்பட்டன. அச்சரிவுகளில் மீண்டும் மரம் வளர்ப்பதற்காக 1982 டிசம்பரில் தேராதூனில் 127 ஆம் காலாட்படைப் படையணி கார்வால் ரெஜிமென்டின் முன்னாள் படைவீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. சுரங்கங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் பலவற்றை மூட உத்தரவிட்டது 1985 இல். படையணி அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது.

அடுத்து 1983 இல் இராஜஸ்தானில் 128 ஆம் படையணி உருவானது. இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதியில் மணல் நகர்வைத் தடுத்து மரங்களை வளர்ப்பது இதன் பணி. தில்லியின் பட்டி சுரங்கப் பகுதியில் காடு வளர்ப்பதற்கும், கங்கை ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணிக்கும் பின்னர் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஓய்வுபெற்ற வீரர்களுக்கு வேலையும் ஆள் நடமாட்டமற்ற சரிவுகளுக்குக் கட்டுப்பாடான உழைப்பும் ஒருங்கே கிடைப்பது இத்திட்டத்தின் வலிமை.

போர்களிலும் பேரிடர்களிலும்

1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் பிராந்திய இராணுவப் பிரிவுகள் ஈடுபட்டன. 1987 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதி காக்கும் படையின் நடவடிக்கையிலும், பஞ்சாப், ஜம்மு காசுமீர், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றில் நடந்த உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளிலும் இவை பங்கேற்றன. 2004 முதல் ஜம்மு காசுமீரில் உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு, அவரவர் வாழும் பகுதியிலேயே பணியாற்றும் சிறப்புப் படையணிகள் அமைக்கப்பட்டன. 2024 சூலையில் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவில் கேரளத்திலுள்ள 122 ஆம் படையணி மீட்புப் பணியில் ஈடுபட்டது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 110 ஆம் படையணியும், திருச்சிராப்பள்ளியில் 117 ஆம் படையணியும் அமைந்துள்ளன.

கௌரவப் பதவிகள்

துடுப்பாட்ட வீரர்கள் கபில் தேவ் (2008), மகேந்திர சிங் தோனி (2011), நடிகர் மோகன்லால் (2009), ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா (2025) ஆகியோருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி அளிக்கப்பட்டது. பொதுமக்களுள் பலர் இப்படையை அறிந்திருப்பது இவர்களின் சீருடைப் படங்களின் மூலமே. அரசியல்வாதி சச்சின் பைலட் 2012 இல் பெற்றது கௌரவப் பதவி அன்று. அவர் தேர்வெழுதி அதிகாரியானவர்.

2025 ஆம் ஆண்டு ஆணை

2025 மே 6 ஆம் நாளிட்ட ஆணை மூலம் மத்திய அரசு, பிராந்திய இராணுவத்தின் எல்லா அதிகாரிகளையும் படையினரையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு வழங்கியது. 1948 ஆம் ஆண்டு விதிகளின் 33 ஆம் விதி இதற்கு அடிப்படை. அப்போதிருந்த 32 காலாட்படைப் படையணிகளுள் 14 ஐப் பல்வேறு கட்டளையகங்களில் பணியில் ஈடுபடுத்த ஆணை இடமளித்தது. அது 2025 பெப்ரவரி 10 முதல் 2028 பெப்ரவரி 9 வரையிலான காலத்திற்கு உரியது. எஞ்சிய படையணிகளைப் பணிக்கு அழைப்பது நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்றும், பாதுகாப்பு அமைச்சகம் அல்லாத பிற அமைச்சகங்களின் கோரிக்கையில் செயற்படும் பிரிவுகளின் செலவை அந்தந்த அமைச்சகமே ஏற்க வேண்டும் என்றும் ஆணையில் கூறப்பட்டது.