எரித்தும் எஞ்சிய ஏடுகள்

அரபு உரைநடையில் ஜாஹிளுக்கு அடுத்து வைத்து எண்ணத்தக்கவர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ என்பது இன்று அறிஞர் பலருக்கும் உடன்பாடான கருத்தாகும். ஆயினும் நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் ஹரீரீயின் 'மகாமாத்'தை ஓதுகின்றனர். முதனப்பீயின் கவிதைத் திரட்டை ஓதுகின்றனர். அபூ ஹய்யானின் பெயரைச் செவியுறாமலேயே ஸனது பெற்றுத் தலைப்பாகை சூடி வெளியேறிவிடுகின்றனர். இப்புறக்கணிப்பு புதியதன்று. ஹிஜ்ரி 626-ல் (கி.பி. 1229) மறைந்த யாகூத் அல்ஹமவீ இலக்கியவாணர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது, இத்தகைய ஒருவரைத் தமக்கு முன் எவரும் எந்நூலிலும் எடுத்துரைக்கவில்லையே என வியந்தார். அபூ ஹய்யான் உலகை நீத்து அப்போதே இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

திறமை உடையார்க்குப் புகழ் தானே வந்தெய்தும் என்று நாம் மாணாக்கர்க்குச் சொல்லி வருகிறோம். அபூ ஹய்யானின் வாழ்வை முன்வைத்துப் பார்க்குங்கால் அவ்வாறு சொல்ல நா எழுவதில்லை.

அவர் பகுதாதில் கற்று உருவானவர். 'தவ்ஹீத்' என்பது ஒருவகைப் பேரீச்சம்பழத்தின் பெயர் என்றும், அதனைத் தந்தை விற்று வந்தமையால் மகனுக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது என்றும் கூறுவாருளர். இலக்கணத்தை அபூ ஸயீத் அஸ்ஸீராஃபீயிடமும், தத்துவத்தை அபூ ஸுலைமான் அஸ்ஸிஜிஸ்தானீயிடமும் பயின்றார். ஆசிரியர்கள் வாய்த்த வகையில் அவரைப் போல் கொடுத்து வைத்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆனால், வயிற்றுக்கு வழி? 'வர்ராக்' தொழில்தான், அதாவது, பிறர் நூல்களைக் கூலிக்குப் படியெடுத்தல். அச்சுப்பொறி இல்லாத அந்நாளில் பகுதாதின் அறிவுலகமே இவ்வெழுத்தர்களின் விரல்களில் தங்கியிருந்தது. அபூ ஹய்யானோ அதனைத் துர்ப்பாக்கியத் தொழில் என்று வெறுத்தார்.

ஹிஜ்ரி 367-ல் (கி.பி. 977) அவர் ரை நகருக்குச் சென்று, புவைஹ் அரசின் அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாதின் வாயிலை அடைந்தார். ஸாஹிப் வெறும் பதவிக்காரர் அல்லர். 'அல்முஹீத்' என்னும் அகராதி செய்தவர். ஸாமானிய மன்னர் தம் அமைச்சராக வருமாறு அழைத்தபோது, நூல்களைச் சுமக்க மட்டுமே நானூறு ஒட்டகங்கள் வேண்டுமே என்று கூறி மறுத்தவர். புலமையும் செல்வமும் ஓரிடத்தே குவிந்துவிட்டால் பிறர் புலமைக்கு அங்கே என்ன வேலை? புகழ்வதும் படியெடுப்பதுமே. ஸாஹிபின் கடிதங்கள் அடங்கிய முப்பது தொகுதிகளை அபூ ஹய்யானிடம் தந்து, குராஸானுக்கு அனுப்புவதற்காகப் படியெடுக்கச் சொன்னார்கள். இத்தனையும் எழுதினால் கண் போய்விடும், சிறந்த பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்துத் தொகுத்துத் தருகிறேனே என்றார் அவர். செய்தி அமைச்சரின் செவிக்கு எட்டியது. தம் கடிதங்களில் சிறவாத பகுதியும் உண்டென்று இந்த எழுத்தர் கருதுகிறாரா என அவர் சினந்தார். மூன்றாண்டுகள் காத்திருந்தும் ஒரு திர்ஹமும் பெறாமல் அபூ ஹய்யான் திரும்பினார்.

இதே ஸாஹிப் தம் இளமையில் முதனப்பீயைத் தம்மிடம் வருமாறு அழைத்ததுண்டு. அக்கவிஞர் அதனைப் பொருட்படுத்தவேயில்லை. ஸாஹிப் வெகுண்டு, முதனப்பீயின் கவிதைக் குற்றங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். எழுதி என்ன பயன்? ஹலபில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் முன்னரே வேரூன்றிவிட்ட புகழ் இம்மியும் அசையவில்லை. இவ்விருவரின் நிலைக்கும் காரணம் திறமையின் ஏற்றத்தாழ்வு என்று நாம் கருதவில்லை. முதனப்பீ அழைக்கப்பட்டவர், அபூ ஹய்யான் வாயிலில் நின்றவர்.

நின்றவரும் சும்மா இருக்கவில்லை. ஸாஹிபையும், அவருக்கு முன் அமைச்சராய் இருந்த இப்னுல் அமீதையும் சாடி ஒரு நூல் எழுதினார். அந்நூலை வைத்திருப்பவரின் நிலைமை தலைகீழாகிவிடும் என்றும், இதனைத் தாமே பட்டறிந்ததாகவும் இப்னு கல்லிகான் எழுதுகிறார். காழியாய் வீற்றிருந்த பேரறிஞரே இங்ஙனம் எழுதினால், பாமரர் அதனைத் தொடவும் அஞ்சியிருப்பர் அல்லவா! ஆசிரியரின் துர்ப்பாக்கியம் ஏட்டையும் தொற்றிக்கொண்டது போலும்.

நற்பேறு ஒருமுறை எட்டிப் பார்த்தது. கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ அவரை அமைச்சர் இப்னு ஸஃதானிடம் கொண்டு சேர்த்தார். இரவுதோறும் நடந்த உரையாடல்களை எழுதித் தந்தேயாக வேண்டும் என்று அபுல் வஃபா வற்புறுத்தியதனால் பிறந்ததே 'அல்இம்தாஉ வல்முஆனஸா'. இலக்கணமா, தர்க்கமா எது பெரிது என்று ஸீராஃபீயும் மத்தா இப்னு யூனுஸும் வாதிட்ட புகழ்மிக்க அமர்வை நாம் அறிவது இந்நூலால். பெயரை மறைத்து எழுதிய 'இக்வானுஸ் ஸஃபா' குழுவினர் யாவர் என்பதற்குத் தலையாய சான்றும் இதுவே. ஆனால், இப்னு ஸஃதான் விரைவிலேயே பதவியிழந்து கொலையுண்டார். அபூ ஹய்யான் பின்னர் ஷீராஸில் ஒதுங்கினார்.

எல்லாவற்றையும் விதியின் தலையில் சுமத்திவிடுவதும் முறையன்று. அவர் நா கூரியது. குறை கண்டால் விழுங்கிக்கொள்ள அறியாதது. மார்க்கத்தை மீறியவர் என்ற பழியும் அவர்மீது விழுந்தது. இமாம் தஹபீ (ரஹ்) கடுமையாகவே எழுதினார்கள். தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ (ரஹ்) அவர்களோ, அவருடைய எழுத்துகளைப் படித்துவிட்டு, சமகாலத்தவரை இகழும் போக்கையன்றி அத்துணைக் கண்டனத்திற்கு இடமான ஒன்றையும் காணவில்லை என்றார்கள். ஸுப்கீயின் தீர்ப்பே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முதுமை முற்றிய நிலையில் அபூ ஹய்யான் தம் நூல்களைத் தீயிலிட்டார். காழி அபூ ஸஹ்ல் கண்டித்து எழுதியதற்கு அவர் ஹிஜ்ரி 400-ல் (கி.பி. 1010) வரைந்த மறுமொழியை யாகூத் காத்துத் தந்துள்ளார். தமக்குத் தக்க மகனுமில்லை, நண்பனுமில்லை. உயிரோடிருந்தபோது தம்மை மதியாதவர்கள் இறந்தபின் தம் ஏடுகளைப் புரட்டிக் குறை காண விடுவதா என்பதே அதன் சாரம். நூல்களைக் கடலில் எறிந்த தாவூத் அத்தாயீ (ரஹ்) போன்ற முன்னோர்களையும் துணைக்கு அழைக்கிறார். எழுத்தில் நம்பிக்கை இழந்ததாகச் சொல்லும் அம்மடலை அவர் எத்துணைப் பாடுபட்டுச் செதுக்கியிருக்கிறார்!

எனினும் தீ பிந்திவிட்டது. இன்று எஞ்சியுள்ள அவர் நூல்கள், எரிப்பதற்கு முன்பே படியெடுக்கப்பட்டு அவர் கையை விட்டு வெளியேறியவை என்கிறார்கள் இமாம் ஸுயூத்தீ (ரஹ்). அவற்றைக் காத்துத் தந்தவை, பெயர் தெரியாத எழுத்தர்களின் கைகள். துர்ப்பாக்கியத் தொழில் என்று அவர் வெறுத்தாரே, அதே தொழில்!

'அல்இம்தாஉ' 1939 முதல் 1944 வரை கெய்ரோவில் அஹ்மத் அமீன், அஹ்மத் அஸ்ஸைன் ஆகியோரின் பதிப்பாக மூன்று பாகங்களில் வெளிவந்தது. அமைச்சர்களைச் சாடிய நூலும் 1965-ல் திமிஷ்கில் செம்மையான பதிப்புக் கண்டது. ஸாஹிப் ஹிஜ்ரி 385-ல் (கி.பி. 995) மறைந்தபோது ரை நகரின் வாயில்கள் அடைக்கப்பட்டு மக்கள் திரண்டனர். அவருடைய கடிதங்களின் முப்பது தொகுதிகளும் முழுமையாக நமக்கு எட்டவில்லை. 1947-ல் கெய்ரோவில் அச்சேறியது அவற்றுள் ஒரு பகுதியே. அபூ ஹய்யான் அன்று எழுதித் தருவதாகச் சொன்னதும் ஒரு பகுதியைத்தான்.