பம்பைக் கரையும் சாணிக் குழம்பும்

விழுப்புரத்தை அடுத்துப் பம்பை ஆற்றங்கரையில் அமைந்த திருவாமாத்தூரின்மேல் இரட்டைப் புலவர் கலம்பகம் பாடியபோது, ஆறு கோயிலுக்கு எத்திசையில் ஓடுகிறது என்பதில் அவர்கள் பிழைபட்டார்கள் என்று ஊரார் ஆட்சேபித்ததாகவும், பின்னர் வெள்ளம் பெருகிப் புலவர் வாக்கின்படியே ஆறு இடம் மாறியதாகவும் ஓர் ஐதிகம் வழங்குகிறது. வாக்கின் மகிமையை நம்புவதும் நம்பாததும் அவரவர் சித்தம். ஆனால் ஆறு இடம் பெயர்வதும், பெயர்ந்த வழியில் மணலை விட்டுச் செல்வதும், அம்மணலின்மேல் வண்டல் படிந்து கழனியாவதும் பிரத்தியட்சம். இந்த உண்மையை வேறெவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர்கள், ஆற்றோரக் கழனிகளில் கைபோர், அதாவது கையால் துளைத்துப் பைப்பு இறக்கும் கிணறு, போட்ட தொழிலாளிகளே ஆவர்.

விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பாகம் கடும்பாறை. கிழக்கே, கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கும் திருவக்கரையைத் தாண்டிக் கடற்கரை வரையில் மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம். பாறையில் துளை தானே நிற்கும். மணலிலோ, பைப்பை உருவிய மறுகணமே நாற்புறமும் சரிந்து மூடிக்கொள்ளும். ஆகவே மூன்று கம்பங்களை நட்டு, உச்சியில் கப்பி கட்டிப் பைப்பை இறக்கும் இடத்திற்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி, களிமண்ணையும் பசுஞ்சாணத்தையும் அதில் கரைத்து வைப்பது கைபோர்க்காரரின் பழைய வழக்கம். அக்குழம்பு பைப்பின் வழியே இறங்கி, அடிநுனியிலுள்ள கட்டர் என்னும் வெட்டுமுனை அரைத்த மண்ணை ஏந்திக்கொண்டு, பைப்புக்கும் துளைச் சுவருக்கும் இடையே மேலேறி, மண்ணைக் குழியில் விட்டுவிட்டு மறுபடியும் இறங்கும். குழியின் மட்டம் திடீரென்று தாழ்ந்தால், 'தண்ணியை உள்ள வாங்குது' என்று ஒருவர் குரல் கொடுக்க, இன்னும் இரண்டு கூடைச் சாணம் உடனே கரையும்.

பசுக்கள் தவமிருந்து கொம்பு பெற்றதாகத் தலபுராணம் கூறும் திருவாமாத்தூரில், பசுவின் சாணத்திற்கு இப்படியும் ஓர் உபயோகம் வாய்த்ததில் எனக்கு ஒரு தனி ரசம் உண்டு. வைக்கோல் தின்ற மாட்டின் சாணத்தில் ஜீரணமாகாத நார்த்துணுக்குகள் நிறைந்திருக்கின்றன. குழம்பு மணலின் இடுக்குகளுக்குள் வடியத் தலைப்படும்போது இத்துணுக்குகள் குறுக்கே விழுந்து வாயை அடைக்க, அவற்றின்மேல் களிமண்ணின் நுண்துகள்கள் வந்து அப்பி, துளையின் உட்புறம் முழுவதும் மெல்லிய பூச்சாக இறுகுகின்றன. உள்ளே நிற்கும் குழம்பின் கனம் அப்பூச்சின்மேல் அழுந்துவதால் சுவர் ஸ்திரமாக நிற்கிறது. மண் சுவருக்கு வைக்கோலைக் கலந்து மிதித்தவர்களுக்கும், புடம் போடும் கலயத்தின் வாயைச் சீலைமண்ணால் மூடிய சித்த வைத்தியர்களுக்கும் இந்தச் சூட்சுமம் புதிதன்று. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் மூங்கில் சாரம் கட்டிக் குழாயிறக்கியவர்களும் சாணத்தையே நாடினார்கள்.

மேல்நாட்டாரும் படிப்படியாக இவ்வழிக்கு வந்தார்கள். 1845-இல் பிரான்சின் பெர்ப்பினியான் நகரில் போவெல் என்பவர் உள்ளீடற்ற கம்பியின் வழியே நீரைச் செலுத்தித் துளைமண்ணை வெளியேற்றினார். அது வெறும் நீரே. 1887-இல் அமெரிக்காவில் சாப்மன் என்பவர் களிமண்ணோடு தவிட்டையும் தானியத்தையும் நீரிற் கலந்து துளைச் சுவரைப் பூசலாம் என்று உரிமைப் பத்திரம் கோரினார். 1901-இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் பெருக்கெடுத்த எண்ணெய்க் கிணற்றைத் துளைத்தவர்கள், குழிக்குள் மாடுகளை ஓட்டிச் சேறு கலக்கினார்கள் என்பது பிரசித்தமான விருத்தாந்தம். அதன்பின் பருத்திவிதை உமி, மரத்தூள், தேங்காய் நார் என்று கைக்குக் கிட்டிய நாரெல்லாம் எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறங்கின.

இடுக்கை அடைப்பதைத் தவிர, நாரின் இரண்டாவது குணம் விசேஷமானது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மெல்லிய செயற்கை நாரைச் சேர்த்தாலும், குழம்பு ஏறக்குறைய முன்போலவே பாய்கிறது. ஆனால் அதில் மிதக்கும் கல்துணுக்குகள் கீழே படியும் வேகம் வெகுவாகக் குறைகிறது. நார்கள் ஒன்றோடொன்று பின்னி வலைபோல் நின்று, விழும் துணுக்கைத் தாங்கிக்கொள்வதே காரணம். அளவு மிஞ்சினாலோ, அந்த வலையே கட்டிதட்டிப் பம்பின் வாயை அடைத்துவிடும். நீரிலும் இலேசான பாலிபுரோப்பிலின் நாரில் வேறொரு சங்கடம்: ஆழத்தின் உஷ்ணத்தால் குழம்பு நெகிழ்ந்ததும் நார் பிரிந்து மேலே மிதந்து திரண்டுவிடும். ஆகையால், அசையாது நிற்கும்போதும் நாரைப் பிடித்துவைக்கும் கெட்டித்தன்மை குழம்புக்கு அவசியம். சாணிக் குழம்பில் அந்தக் கெட்டித்தன்மையைக் களிமண் அளித்தது. போதுமா போதாதா என்பதைத் தொழிலாளியின் உள்ளங்கை நிதானித்தது.

சாணத்தின் குறையையும் மறைப்பதற்கில்லை. மணலை அடைத்த அதே பூச்சு ஊற்றுக்கண்ணையும் அடைக்கும். சாணம் அழுகினால் நீர் நாறும், கிருமிகளும் பெருகும். அதனால்தான் பைப்பு இறங்கியபின், நிறமும் வாடையும் நீங்கித் தெளியும்வரை விடாமல் இறைத்துக் கிணற்றைக் கழுவினார்கள். அவசரப்பட்டு நிறுத்திய கிணற்றில் ஊற்று மந்தமாகவே இருந்தது. இக்காலத்தில் கட்ச் பிரதேசத்துப் பெண்டோனைட் களி மூட்டையாக வந்திறங்குகிறது. மேற்கே பாறை நிலத்திலோ, காற்றழுத்தத்தால் துளைக்கும் போர் வண்டிகளுக்குக் குழம்பே தேவைப்படுவதில்லை. மணற்பாங்கான ஊர்களில் கைபோர் போடுகிறவர்கள் மட்டும், பெண்டோனைட் கரைத்த குழியிலும் மணல் நீரை உள்வாங்கத் தொடங்கினால், பக்கத்துத் தொழுவத்திற்கு ஆளனுப்புகிறார்கள்.