ஸ்கைரிம் விளையாட்டில் மந்திரமேற்றல்

பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கிய, 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ விளையாட்டில் 18 திறன்கள் உண்டு. அவற்றில் மந்திரவாதிப் பிரிவைச் சேர்ந்த ஆறில் ஒன்று மந்திரமேற்றல். வாள், வில், கவசம், காலணி, மோதிரம், கழுத்தணி போன்ற சாதாரணப் பொருள்களுக்கு மாய ஆற்றலைக் கொடுக்கும் கைத்தொழில் இது. கொல்லு வேலைக்கு இரும்பும் தோலும் வேண்டும். மருந்து காய்ச்சுவதற்கு வேரும் பூவும் வேண்டும். மந்திரமேற்றலுக்கு வேண்டியது ஓர் உயிரின் ஆன்மா. இந்த ஒரு விதிதான் இத்திறனுக்கு மற்றக் கைத்தொழில்களுக்கு இல்லாத கனத்தைத் தருகிறது.

வேலை நடப்பது மந்திர மேசையில். வைட்ரன் நகரின் டிராகன்ஸ்ரீச் அரண்மனையில், அரசவை மந்திரவாதி ஃபரெங்கர் சீக்ரெட்-ஃபயரின் அறையில் இருக்கும் மேசையைத்தான் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் முதலில் பயன்படுத்துகிறார்கள். ஆன்மாவை அடைத்துவைக்கும் ஆன்மக் கற்களையும் அவரிடமே வாங்கலாம். மேசையில் இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, ஏற்கெனவே மந்திரமுள்ள பொருளைக் கலைப்பது. பொருள் அழிந்துபோகும், அதிலிருந்த மந்திரம் ஆட்டக்காரருக்குப் பாடமாகும். இன்னொன்று, அப்படிக் கற்றதை மந்திரமில்லாத வேறொரு பொருளில் ஏற்றுவது. குகையொன்றின் அடியில் போராடி எடுத்த அருமையான கோடரியை வைத்துக்கொள்வதா, அதை அழித்து அதன் வித்தையைக் கற்றுக்கொள்வதா என்ற கேள்வி ஆட்டத்தின் முதல் பத்து மணி நேரத்தில் பலமுறை எழும். அயர்ன்பைண்ட் பேரோவில் கிடைக்கும் ‘ஃபியரி சோல்ஸ்’ எஃகுக் கோடரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எரிப்பதையும் ஆன்மாவைப் பிடிப்பதையும் ஒரே மந்திரமாகச் செய்யும் ஆயுதம் அது. கலைத்துவிட்டால் அதே மந்திரத்தை எந்த வாளிலும் ஏற்றலாம். டேட்ரா தெய்வங்கள் தரும் பெரும்பாலான அரும்பொருள்களை மட்டும் இப்படிக் கலைக்க முடியாது.

ஆன்மாவைப் பிடிக்க ‘சோல் டிராப்’ மந்திரம் உதவுகிறது. அது பட்ட உயிர் குறிப்பிட்ட நொடிகளுக்குள் இறந்தால், உடலிலிருந்து ஊதா நிற ஒளி சுழன்று வந்து கையிருப்பிலுள்ள வெற்றுக் கல்லில் அடையும். கற்கள் ஐந்து அளவுகளில் கிடைக்கின்றன: பெட்டி, லெசர், காமன், கிரேட்டர், கிராண்ட். அவற்றில் நிறையும் ஆன்மாவின் ஆற்றல் முறையே 250, 500, 1000, 2000, 3000. எந்த உயிருக்கு எந்த அளவு என்பதை அதன் நிலையே முடிவு செய்கிறது. ஓநாயும் நண்டும் பெட்டி. சமவெளியில் மேயும் மாமத் யானை கிராண்ட். சிறிய கல் கையில் இல்லாவிட்டால் ஓநாயின் ஆன்மா பெரிய கல்லில் போய் உட்கார்ந்து அதை வீணாக்கிவிடும். அதனால் எல்லா அளவுகளிலும் வெற்றுக் கற்களை வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம். டிராகன்களின் ஆன்மாவைக் கல்லில் பிடிக்க முடியாது. ட்வெமர் என்ற பழைய இனம் விட்டுச்சென்ற இயந்திரங்களுக்கு ஆன்மாவே இல்லை, ஆனால் உடைந்த இயந்திரங்களுக்குள் ஆன்மக் கற்கள் கிடைப்பதுண்டு.

கவசத்திலும் நகையிலும் ஏற்றிய மந்திரம் நிரந்தரமானது. பெரிய ஆன்மா, வலிய மந்திரம். ஆயுதத்தின் கணக்கு வேறு. அங்கே ஆன்மா என்பது சேமித்த எரிபொருள், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தீரும், தீர்ந்தபின் இன்னொரு கல்லைக் கொடுத்து நிரப்ப வேண்டும். மந்திரத்தின் வலிமையைக் குறைத்தால் அடிகளின் எண்ணிக்கை கூடும். ஆன்மா பிடிக்கும் மந்திரத்தை வாளில் ஏற்றும்போது நேரத்தை ஒரே நொடியாகக் குறைத்துவைப்பவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கடைசி அடி விழும் கணத்தில் மந்திரம் இருந்தால் போதும், மற்ற நொடிகளெல்லாம் வீண் செலவு. ஆயிரம் நெருப்பு வாள்களைவிட இந்த ஒரு நொடி வாள் ஆட்டக்காரருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

மனிதர், எல்ஃப்கள், பூனை முகக் கஜீத்துகள், பல்லி உடல் ஆர்கோனியர்கள் ஆகியோரின் ஆன்மா ‘கறுப்பு’ வகை. கறுப்புக் கல்லில்தான் அதைப் பிடிக்கலாம். நிலை எதுவாக இருந்தாலும் அதன் ஆற்றல் 3000. அதாவது, வழியில் மறிக்கும் வெறும் முதல்நிலைக் கொள்ளைக்காரனும் மாமத்தும் மேசையில் சமம். ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்த ட்ராகர் என்ற நடமாடும் பிணங்களோ விலங்குகளோடு வெள்ளை ஆன்மாக்களாக எண்ணப்படுகின்றன. விளையாட்டு எங்கும் ஆட்டக்காரரை எச்சரிப்பதில்லை. ஆனால் மிக எளிய வழி மனிதரைக் கொல்வதுதான் என்று விதிகளை அமைத்திருப்பதே ஒரு கூற்று. ‘தி பிளாக் ஸ்டார்’ என்ற பணி இதை நேராகவே முன்வைக்கிறது. எத்தனை முறை பயன்படுத்தினாலும் உடையாத ஆன்மக் கல்லான, டேட்ரா தெய்வம் அசூராவின் விண்மீன், மாலின் வேரன் என்ற மந்திரவாதியால் கெடுக்கப்பட்டுக் கிடக்கும். அதைத் தெய்வத்திடம் ஒப்படைத்தால் தூய்மையாகி வெள்ளை ஆன்மாக்களை மட்டும் ஏற்கும். வின்டர்ஹோல்டு விடுதியில் தங்கியிருக்கும் நெலகரிடம் கொடுத்தால் மனித ஆன்மாவையும் ஏற்கும் கறுப்பு விண்மீனாகும். பயனை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாவதையே தேர்வார்கள்.

பிடிபட்ட கறுப்பு ஆன்மாக்கள் பயன்பட்டபின் எங்கே போகின்றன என்பதற்கு 2012-இல் வந்த ‘டான்கார்ட்’ விரிவாக்கம் பதில் சொன்னது. அவை ஐடியல் மாஸ்டர்ஸ் ஆளும் சோல் கேர்ன் என்ற தனி உலகில் சிக்கிக் கிடக்கின்றன. ஊதா வானம், உடைந்த தூண்கள், எங்கு பார்த்தாலும் எலும்பு. உயிரோடு அங்கே நுழைய இரண்டே வழி: காட்டேரியாக மாறுவது, அல்லது உடன் வரும் காட்டேரிப் பெண் செரானா ஆட்டக்காரரின் ஆன்மாவையே ஓரளவு பிடித்துக் கல்லில் வைக்க இணங்குவது. இரண்டாவதைத் தேர்ந்தால், அந்தத் துண்டை மீட்கும்வரை உடல்வலுவும் மந்திரவலுவும் குறைந்தே இருக்கும். அதுவரை கற்களை எண்ணிக்கையாக மட்டும் பார்த்தவர் உள்ளே போனதும் அலையும் ஆன்மாக்களோடு பேசலாம். ‘மோரோவிண்ட்’ விளையாட்டின் தொடக்கத்தில் கப்பலில் உடன் வந்த ஜியூப் கூட அங்கே இருக்கிறான். ஸ்கைரிமுக்காக எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நேர்மையான பகுதி வேறில்லை என்பேன்: தன் சொந்த விதியின் விளைவை ஆட்டக்காரரின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மந்திரமேற்றலின் திறன் மரத்தில் மொத்தம் 13 பெர்க்குகள், அதாவது திறன் வளர வளரத் தேர்ந்தெடுக்கும் சிறப்புச் சலுகைகள். முதலாவதான ‘என்சான்டர்’ ஐந்து படிகளில் வலிமையை இரட்டிப்பாக்கும். நெருப்பு, பனி, மின்னல் ஆகியவற்றுக்கு 25 சதவீதக் கூடுதல் தரும் பெர்க்குகள் தனித்தனியே உண்டு. திறன்களுக்கும் உடல்நலத்துக்கும் அதே அளவு கூடுதல் கிடைக்கும் கிளை வேறு. ‘சோல் சைஃபன்’ பெர்க் உள்ளவர் கொல்லும் விலங்கின் ஆன்மாவில் 5 சதவீதம் ஆயுதத்தை நிரப்பும். மனிதருக்கு இது செல்லாது என்று விளையாட்டே விலக்கிவைத்திருக்கிறது. உச்சியில், திறன் 100-ஐத் தொட்டபின் கிடைப்பது ‘எக்ஸ்ட்ரா எஃபெக்ட்’: ஒரே பொருளில் இரு மந்திரங்கள்.

சமநிலை குலைவது இந்த உச்சியில்தான். எல்லாப் பெர்க்குகளும் இருந்து கிராண்ட் ஆன்மாவும் கிடைத்தால், அழிவு மந்திரங்களின் செலவை ஒரு பொருள் 25 சதவீதம் குறைக்கும். தலை, மார்பு, மோதிரம், கழுத்து என நான்கில் ஏற்றினால் செலவு பூச்சியம். இரட்டை மந்திரம் இருப்பதால் அதே நான்கு பொருள்களில் இன்னொரு வகை மந்திரத்தையும் இலவசமாக்கலாம். அதன்பின் மந்திரவாதிக்கு மந்திரவலு என்ற அளவுகோலே தேவையில்லை. போரில் எதைச் செலவிடுவது, எதைச் சேமிப்பது என்ற சிந்தனை போய்விடுகிறது, அதோடு அந்த வகை ஆட்டத்தின் சுவையும்.

மருந்துத் தொழிலோடு சேர்த்தால் இன்னும் மேலே போகலாம். நீலப் பட்டாம்பூச்சியின் இறகும் பனிப்பழமும் காய்ச்சினால் மந்திரமேற்றலைச் சிறிது நேரம் உயர்த்தும் மருந்து கிடைக்கும். அதைக் குடித்து, மருந்துத் தொழிலை உயர்த்தும் கையுறையும் மோதிரமும் செய்து, அவற்றை அணிந்து இன்னும் நல்ல மருந்து காய்ச்சலாம். இந்தச் சுழற்சி தானே ஓர் எல்லையில் நின்றுவிடும். நிற்காதது ‘ரெஸ்டோரேஷன்’ என்ற குணமாக்கும் மந்திரத் திறனை உயர்த்தும் மருந்தின் வழு: அது அணிந்திருக்கும் பொருள்களின் மந்திரத்தையும் சேர்த்து உயர்த்திவிடுவதால், கழற்றி மாட்டிக் காய்ச்சக் காய்ச்சக் கணக்கு கட்டுமீறி வளரும். ஆர்வலர்கள் உருவாக்கிய ‘அன்அஃபீஷியல் பேட்ச்’ இதை அடைத்தது.

இத்தொடரின் முந்தைய விளையாட்டுகள் வேறு தடைகளை வைத்திருந்தன. 2002-இன் மோரோவிண்டில் முயற்சி தோற்கலாம். தோற்றால் ஆன்மா போச்சு. நிரந்தர மந்திரத்துக்கு 400 ஆற்றலுள்ள ஆன்மா வேண்டும், கோல்டன் செயின்ட்டின் ஆன்மா சரியாக அவ்வளவுதான். துணிந்தவர்கள் வாழும் தெய்வமான விவெக்கின் ஆன்மாவையே பிடித்தார்கள். அதன் அளவு 1000. 2006-இன் ஒப்லிவியனில் மந்திரமேற்றல் திறனாக இல்லை. மந்திரவாதிகள் சங்கத்தின் கிளைகளிலெல்லாம் பரிந்துரை பெற்றபின் ஆர்க்கேன் பல்கலைக்கழகப் பீடங்களில் அதைச் செய்யலாம், அல்லது ஒப்லிவியன் வாயில்களை மூடும்போது கிடைக்கும் சிகில் கற்களைப் பயன்படுத்தலாம். 2014-இல் வந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ மூன்று வகை ரூன் கற்களைச் சேர்த்து, பொருளில் பதிக்கும் ‘கிளிஃப்’ செய்யும் முறைக்கு மாறியது. ஆன்மக் கல் அங்கேயும் உண்டு, ஆயுதத்தை நிரப்பவும் விழுந்தவரை எழுப்பவும். மந்திரத்தை உருவாக்க அது தேவையில்லை.