கற்பிட்டிக் கரையில் இருந்து பார்த்த போர்

ஈழப்போரின் முடிவைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் முள்ளிவாய்க்காலில்தான் தொடங்குகிறார்கள். அது இயல்பே. ஆனால், அந்த முடிவை நோக்கிய படை நகர்வு தொடங்கியது கிழக்குக் கரையில் அல்ல. நாட்டின் மறுபுறத்தில், மேற்குக் கரையில். அந்தக் கதையை நான் இன்னும் சற்றுத் தெற்கே இருந்து, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையில் இருந்து சொல்ல விரும்புகிறேன். காரணம் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கடல்வழியே தெற்கு நோக்கி வந்தார்கள். அவர்கள் கரையேறிய இடம் கற்பிட்டி. வடக்கில் இருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பான்மையோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அகதி வாழ்க்கை, ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளரும் அளவுக்கு நீண்டது. ஊர்க்காரர் முதலில் வீடுகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். காலம் செல்லச் செல்லக் கிணற்று நீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் தொழிலுக்கும் போட்டி வந்தது, உரசலும் வந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். போர்நிறுத்தத்தை நம்பிச் சில குடும்பங்கள் முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பின. சாம்பல் பூத்திருந்த அடுப்பு மீண்டும் எரிந்தது.

புத்தளத்தின் வட எல்லையில் வில்பத்துக் காடு. காட்டைத் தாண்டினால் மன்னார் மாவட்டத்தின் முசலி. 2006 மே 27ஆம் திகதி அந்தக் காட்டுக்குள் கண்ணிவெடியில் சிக்கி இறந்தவர்களில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். போர்நிறுத்தம் காகிதத்தில் மட்டுமே உயிரோடிருந்த காலம் அது.

2007 ஜூலையில் கிழக்கு மாகாணம் முழுவதும் அரசின் கைக்கு வந்துவிட்டது. செப்டெம்பர் தொடக்கத்தில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற அந்தக் கரையை இழந்தது புலிகளுக்குப் பெரிய இழப்பாக அன்று எவருக்கும் தோன்றவில்லை. செய்திப் பக்கத்தில் அது இன்னொரு செய்தி, அவ்வளவுதான். ஆனால் போரின் திசை மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஏன் மேற்குக் கரை? பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இராணுவம் செய்த தவறிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1997 மே 13இல் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை, வவுனியாவில் இருந்து ஏ-9 வீதியைப் பிடித்துக்கொண்டு வடக்கே போக முயன்றது. ஒரே வீதி, எதிரிக்குத் தெரிந்த வீதி. பதினெட்டு மாதங்களுக்கு மேலாகப் பெரும் உயிரிழப்போடு பிடித்த நிலத்தை, 1999 நவம்பரில் 'ஓயாத அலைகள்-3' சமரில் புலிகள் சில நாட்களில் மீட்டுக்கொண்டனர். 2007இல் இராணுவம் அந்த வழியை விட்டுவிட்டது. சிறு சிறு அணிகளாகக் காட்டுக்குள் ஊடுருவுவது, பல முனைகளில் ஒரே நேரத்தில் அழுத்துவது, நிலத்தைப் பிடிப்பதைவிடப் போராளிகளின் எண்ணிக்கையைத் தேய்ப்பது என்று முறை மாறியது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்ததால் கிழக்கின் ஆட்பலத்தை இழந்திருந்த இயக்கத்துக்கு இந்தத் தேய்மானமே பேரிடியானது.

இரண்டாவது காரணம் கடல். தமிழ்நாட்டுக் கரையில் இருந்து எரிபொருளும் மருந்தும் ஏனைய பொருட்களும் வந்து இறங்கியது மன்னார்க் கரையில். ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் 2007இல் கடற்படை அடுத்தடுத்து மூழ்கடித்துவிட்டது. எஞ்சியிருந்தது இந்தக் குறுகிய கடல்வழி. கரையை ஊர் ஊராக அடைத்தால் அதுவும் நின்றுவிடும்.

அப்படியேதான் நடந்தது. 2008 மே மாதம் அடம்பன் வீழ்ந்தது. ஜூன் முடிவதற்குள் மன்னாரின் நெல் வயல் பிரதேசம் முழுவதும் போனது. ஜூலை 16இல் கடற்புலிகளின் முக்கிய தளமான விடத்தல்தீவு; அதே மாதத்தில் இலுப்பைக்கடவை; ஓகஸ்டில் வெள்ளாங்குளம்; ஒக்டோபர் இறுதியில் நாச்சிக்குடா. நவம்பர் 15ஆம் திகதி 58ஆவது படைப்பிரிவு பூநகரியை அடைந்தது. 1993 நவம்பரில் 'தவளை' நடவடிக்கையில் புலிகள் பெருவெற்றி ஈட்டிய இடம் அது. யாழ் குடாநாட்டை நோக்கிய பீரங்கி அச்சுறுத்தல் அங்கிருந்து நீங்கியது. மேற்குக் கடலும் முற்றாக மூடப்பட்டது. அதன் பின்னர் நடந்தவை வேகமாக நடந்தன. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி, 25இல் முல்லைத்தீவு, மே 18இல் எல்லாம் முடிந்தது.

செய்தியாளர்களைப் போர்முனைக்கு அரசு அனுமதிக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையையும் புலிகள் சார்பு இணையத்தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரிந்தது இடப்பெயர்கள் மட்டுமே. அந்த ஊர்களின் மனிதர்கள் கோட்டுக்குள் அகப்படவில்லை.

விடத்தல்தீவையே எடுத்துக்கொள்வோம். 1990இல் அவ்வூர் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அயல்வீட்டுத் தமிழர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுதவர்களும் உண்டு, தடுக்கக்கூடியவர் எவருமில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 2008இல், அந்தத் தமிழர்களின் முறை வந்தது. எறிகணைகள் துரத்த, அவர்கள் வடக்கும் கிழக்குமாக நடந்தார்கள். மன்னார்க் கரை மக்களே முதலில் இடம்பெயர்ந்தவர்கள். ஆகவே அதிக தடவை இடம்பெயர்ந்தவர்களும் அவர்களே. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய் இறுதியில் முள்ளிவாய்க்கால். பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடங்களிலேயே குண்டுகள் விழுந்தன. தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். இவ்விரண்டையும் 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் அது கூறியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச பதிவேடுகளை ஒப்பிட்டு 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அவர் காலமும் முடிந்துவிட்டது.

போர் ஓய்ந்ததும் புத்தளத்து அகதிகள் ஊர் திரும்பினார்களா? சிலர் திரும்பினர். ஆனால் இருபது ஆண்டுகளில் காணிகளின் மேல் காடு வளர்ந்திருந்தது. 2012இல் முசலிப் பிரதேசத்தின் ஒரு பகுதியை அரசு ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவித்தது. தம் பாட்டனின் நிலத்தில் கொட்டில் போட்டவன் 'வில்பத்துவை அழிப்பவன்' ஆனான். பக்கத்து முள்ளிக்குளத்தில் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017இல் அவர்கள் தொடர் போராட்டம் நடத்திய பின்னரே ஒரு பகுதி நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் அன்று, புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள் மீது தந்திரிமலை அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகள் ஆன பின்பும், போர் முடிந்து 10 ஆண்டுகள் ஆன பின்பும், தம் ஊரின் வாக்காளர்களாக இருப்பதற்காக அவர்கள் பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது.

இராணுவ வரலாறு மன்னார்க் கரையை ஒரு வெற்றிப் பாதையாக எழுதும். தமிழர் வரலாறு அதை ஒரு தோல்வியின் தொடக்கமாக எழுதும். அந்தக் கரையில் இருந்து இரு முறை மக்கள் துரத்தப்பட்டதையும், முதல் முறை துரத்தியவர்கள் நம்மவர்கள் என்பதையும் சேர்த்து எழுதாத வரை, அந்த இரண்டுமே அரைக் கணக்குத்தான். முதல் வெளியேற்றத்தைக் கண்டு நாம் உரக்கப் பேசியிருந்தால் இரண்டாவது நடந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், இரண்டாவதைப் பற்றி உலகத்திடம் நியாயம் கேட்கும்போது நம் குரலில் ஒரு தடுமாற்றம் இருந்திருக்காது.