தாளில் கூடிய மாநாடு: அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்களின் வரலாற்றில் ஒரு பகுதி

அறிவியல் புனைகதை வாசகர்கள் கூடி நடத்தும் மாநாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக மாநாட்டிலிருந்தே தொடங்குகின்றனர். மண்டபம், மேடை, சிறப்பு விருந்தினர், வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவை அவ்வரலாறுகளில் விரிவாக இடம்பெறுகின்றன. அம்மாநாட்டை முன்னின்று நடத்திய மூவரும் அதற்கு முன்பே இதழாசிரியர்களாக இருந்தவர்கள் என்பதும், அழைப்பு விடுத்ததும் ஆதரவு திரட்டியதும் அங்கே மூண்ட பூசலைப் பதிவுசெய்ததும் அவர்களும் அவர்களுடைய எதிரணியினரும் சொந்தச் செலவில் வெளியிட்ட சிற்றிதழ்களே என்பதும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ரசிகர் இதழே மூத்தது, மாநாடு அதன் வழியாகப் பிறந்தது, பின்னர் மாநாடு ஒருவர் கண்ணுக்கு அடங்காத அளவுக்குப் பெருத்தபோது மாநாட்டையே பொருளாகக் கொண்ட தனி இதழ்கள் தேவைப்பட்டன என்ற கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

ரசிகர் இதழ் என்பது ஒரு துறையின் ஆர்வலர்கள் ஊதியமோ இலாபமோ கருதாமல் தாங்களே எழுதி, தாங்களே படியெடுத்து, தங்களைப் போன்றவர்களுக்கு அஞ்சலில் அனுப்பும் வெளியீடு ஆகும். அமெரிக்காவில் அதற்கு வழி திறந்தது ஒரு வணிக இதழின் வாசகர் கடிதப் பகுதி. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’, கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் பெயரோடு சேர்த்து அச்சிட்டது. அதுவரை தத்தம் ஊரில் தனித்திருந்த வாசகர்கள், பெரும்பாலும் பள்ளி வயதைத் தாண்டாத இளைஞர்கள், ஆசிரியரின் இடையீடு இல்லாமல் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினர். இக்கடிதத் தொடர்புகளிலிருந்து உருவான அறிவியல் கடிதக் கழகத்தின் சார்பில் ரேமண்ட் பால்மர் 1930 மே மாதத்தில் வெளியிட்ட ‘தி காமெட்’ முதல் ரசிகர் இதழாகக் கருதப்படுகிறது. அதன் பக்கங்களை நிறைத்தவை பெரிதும் அறிவியல் கட்டுரைகளே. அறிவியல் புனைகதையையே முழுப்பொருளாகக் கொண்ட இதழ் என்னும் பெயர் 1932 ஜனவரியில் நியூயார்க்கில் ஆலன் கிளாசர், ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், மார்ட் வைசிங்கர் ஆகியோர் தொடங்கிய ‘தி டைம் டிராவலர்’ இதழுக்கு உரியது. அதே காலத்தில் கிளீவ்லாந்தில் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் நடத்திய சிறு இதழில், 1933 ஜனவரியில், ‘சூப்பர்மேன்’ என்னும் பெயர் தாங்கிய கதை முதன்முதலாக வெளிவந்ததைக் கருதினால், இவ்விளைஞர்களின் தாள்களைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவது எத்தகைய பிழை என்பது விளங்கும்.

இவ்விதழ்களின் இயல்பைப் படியெடுக்கும் கருவியே பெருமளவு தீர்மானித்தது. கையில் காசில்லாதவர்கள் நாடியது ஹெக்டோகிராஃப் என்னும் ஜெலட்டின் தட்டு. ஊதாச் சாய மையால் எழுதிய தாளை இறுகிய ஜெலட்டின் மீது கவிழ்த்து அழுத்தினால் மை அதில் ஊறும். பின் வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் படிய வைத்து உரித்தெடுத்தால் படிகள் கிடைக்கும். முதல் சில படிகள் அடர்த்தியாகவும், ஐம்பதை நெருங்கும்போது கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய அளவு வெளிறியும் இருந்தமையால், ஐம்பது வாசகர் என்பதே அத்தகைய இதழின் இயல்பான எல்லையாயிற்று. சற்று வசதியுள்ளோர் கையாண்டது தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களும் நன்கறிந்த சைக்ளோஸ்டைல் முறை. நாடாவை விலக்கிய தட்டச்சுப் பொறியால் மெழுகுத் தாளில் எழுத்துகளை வெட்டி, பிழை நேர்ந்த இடத்தில் திருத்தத் திரவத்தைத் தடவி உலர்த்தி, அதன்மேல் மீண்டும் வெட்டி, அந்த ஸ்டென்சிலை மை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால் சில நூறு படிகள் தெளிவாகக் கிடைத்தன. அச்சான பக்கங்களை மேசையைச் சுற்றி அடுக்கி வைத்து, நண்பர்கள் வரிசையாக நடந்தபடியே ஒவ்வொன்றிலும் ஒரு தாள் எடுத்துச் சேர்த்துப் பின் குத்தினர். ஆகவே தனியொருவர் பெயரில் வந்த இதழுக்குப் பின்னாலும் ஒரு சிறு கூட்டம் நேரில் கூடியாக வேண்டியிருந்தது. கடித நட்பு நேர்ச் சந்திப்பாக மாறியதில் இந்த உடலுழைப்புக்குப் பங்குண்டு என்று கொள்வதில் தவறில்லை.

முதல் மாநாடு எது என்பதில் அமெரிக்க ரசிகர்களும் பிரிட்டிஷ் ரசிகர்களும் இன்றுவரை உடன்படவில்லை. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று அவ்வூர் ரசிகர்களைச் சந்தித்தபோது, அச்சந்திப்பையே மாநாடு என்று தீர்மானித்துக்கொண்டனர். முன்கூட்டியே திட்டமிட்டு, பொது இடத்தில் நடப்பதுதான் மாநாடு என்றால், 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரம்மஞான சபை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கே அப்பெருமை சேரும். வந்தவர்கள் இருபது பேருக்கு மேற்படவில்லை எனினும், எரிக் ஃபிராங்க் ரஸ்ஸலும், பின்னாளில் இலங்கையில் குடியேறி 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்களுள் இருந்தனர். அக்கூட்டத்தில் உருவான அறிவியல் புனைகதைச் சங்கம், 1936 முதல் நனீட்டனிலிருந்து மாரிஸ் ஹான்சன் வெளியிட்டு வந்த ‘நோவே டெர்ரே’ என்னும் சைக்ளோஸ்டைல் இதழைத் தன் ஏடாக ஏற்றுக்கொண்டது. 1939இல் டெட் கார்னெல் அவ்விதழைப் பொறுப்பேற்று ‘நியூ வேர்ல்ட்ஸ்’ எனப் பெயரை மாற்றினார். போருக்குப் பின் 1946இல் அப்பெயரிலேயே வணிக இதழ் தோன்றிப் பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் அறிவியல் புனைகதையின் முதன்மைக் களமாக விளங்கியது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இத்தனை அமைதியானதன்று. 1939இல் நியூயார்க்கில் நடக்கவிருந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி உலக மாநாடு ஒன்றைக் கூட்டலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் டொனால்ட் வோல்ஹைம். ஆனால் 1938 மே மாதம் நூவர்க்கில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கூட்டிக் காட்டிய சாம் மாஸ்கோவிட்ஸ், வில்லியம் சிக்கோரா அணியினர் அப்பொறுப்பைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டனர். ஜேம்ஸ் டாராசி நடத்திய ‘ஃபேன்டசி நியூஸ்’ என்னும் வார இதழும், மாஸ்கோவிட்ஸின் ‘நியூ ஃபேண்டம்’ இதழும் மாநாட்டுக்கு ஆதரவு திரட்ட, வோல்ஹைமைச் சார்ந்த ஃப்யூச்சரியன் குழுவினர் தம் ஏடுகளில் அதைத் தாக்கினர். மாநாடு கூடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே அது தாளில் நடந்துகொண்டிருந்தது என்று கூறின் மிகையாகாது.

ஜூலை 2 அன்று ஏறத்தாழ இருநூறு பேர் கேரவன் ஹாலில் கூடினர்; ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் சிறப்பு விருந்தினர். மாநாட்டு அமைப்பாளர்களைச் சர்வாதிகாரிகள் என்று சாடும் துண்டறிக்கைகள் மண்டபத்திற்குள் கட்டுக்கட்டாகக் கண்டெடுக்கப்பட, வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், ராபர்ட் லோண்டஸ், சிரில் கார்ன்ப்ளுத், ஜான் மிஷல், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அறுவருக்கும் வாசலிலேயே அனுமதி மறுக்கப்பட்டது. அந்த அறிக்கையை அச்சிட்ட டேவிட் கைல் உள்ளேயே இருந்தார். ஃப்யூச்சரியன் குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவும் உள்ளே சென்று அமர்ந்தார். வெளியே நிறுத்தப்பட்டவர்களுள் போலும் கார்ன்ப்ளுத்தும் பின்னாளில் அத்துறையின் முதல்வரிசை எழுத்தாளர்களாயினர். வோல்ஹைம் அதன் மிக முக்கியமான பதிப்பாளர்களுள் ஒருவரானார். ‘விலக்குச் சட்டம்’ என்று ரசிகர் வட்டாரத்தில் பெயர்பெற்ற இந்நிகழ்ச்சி சில நிமிடங்களில் முடிந்திருக்கும். அது வரலாறாக நிலைத்ததற்குக் காரணம், இரு தரப்பாரிடமும் தட்டச்சுப் பொறியும் ஸ்டென்சிலும் இருந்தமையே ஆகும். வேறெந்தப் பொழுதுபோக்குச் சங்கத்தின் வாசல் தகராறும் இத்தனை விரிவாக ஆவணப்படுத்தப்பட்டிருப்பது அரிது.

இவ்வெளியீடுகளைக் குறிக்கும் ‘ஃபேன்சின்’ என்னும் பெயர் 1940 அக்டோபரில்தான் தோன்றியது. லூயிஸ் ரஸ்ஸல் ஷோவனே தம் ‘டிடூர்ஸ்’ இதழில் அதைப் புனைந்தார். அதன்பின் இவ்விதழ்களில் வலுப்பெற்ற எழுத்து வகைகளுள் தலையாயது மாநாட்டு அறிக்கை. கூட்ட நடவடிக்கைகளின் சுருக்கமாக அது எழுதப்படவில்லை. பேருந்தில் கழித்த இரவு, விடுதியில் நால்வர் பங்கிட்ட அறை, கடிதத்தில் மட்டும் அறிந்தவரின் முகத்தை முதன்முதலாகக் கண்ட கணம் ஆகியவை மேடைப் பேச்சுக்கு நிகரான இடம் பெற்றன. போகமுடியாதவர்களுக்காக எழுதப்பட்டது என்பதே அதன் தனித்தன்மை. பெருந்தொலைவும் வறுமையும் போரும் ரசிகர்களுள் மிகப் பலரை வீட்டிலேயே நிறுத்தியிருந்த காலத்தில், மாநாடு என்பது அவர்களைப் பொறுத்தவரை அந்த அறிக்கைதான். 1942 முதல் 1945 வரை போரினால் உலக மாநாடே நடக்கவில்லை; ஆனால் இதழ்கள் நின்றுவிடவில்லை.

இதழுக்கும் மாநாட்டுக்கும் இருந்த இந்த நெருக்கத்துக்குச் சிறந்த சான்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கிடைக்கிறது. அங்கே வால்ட் வில்லிஸ் 1948 முதல் ‘ஸ்லான்ட்’ என்னும் இதழை ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, ஜேம்ஸ் வைட் வெட்டிய லினோ ஓவியங்களோடு சிறு அச்சுப்பொறியில் அடித்து வெளியிட்டார். நேரில் கண்டிராத அமெரிக்க ரசிகர்கள், அவர் எழுத்தின்மீது கொண்ட அன்பினால் மட்டுமே, ஷெல்பி விக்கின் முன்முயற்சியில் பணம் திரட்டி, அவரை 1952இல் சிகாகோ உலக மாநாட்டுக்கு வரவழைத்தனர். அவர் அப்பயணத்தை விரிவாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1953இல் அட்லாண்டிக்கின் இருகரை ரசிகர்களையும் மாறி மாறி அனுப்பும் நிதி ஒன்று நிலையாக ஏற்படுத்தப்பட்டது. அந்நிதியால் பயணம் செய்பவர் திரும்பியதும் பயண அறிக்கை எழுத வேண்டும் என்பது மரபாயிற்று. ஆண்டுக்கணக்கில் எழுதாமல் விட்டவர்களும் உண்டு. எனினும் எழுத்தே பயணத்துக்குரிய கடன் என்ற நினைப்பு, இச்சமூகத்தில் இதழுக்கும் மாநாட்டுக்கும் இருந்த உறவைத் துல்லியமாகக் காட்டுகிறது. வில்லிஸும் பாப் ஷாவும் 1954இல் எழுதிய ‘தி என்சான்டட் டூப்ளிகேட்டர்’ என்னும் உருவகக் கதையின் நாயகன் தேடிச் செல்வதும் குறையற்ற இதழை அச்சிட்டுத் தரும் ஒரு மாயப் படியெடுப்புப் பொறியையே.

இத்தாள்களே வரலாற்றாசிரியர்களின் மூலங்களாயின. மாஸ்கோவிட்ஸின் ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ 1945 முதல் லாங்லி சியர்லஸின் ‘ஃபேன்டசி காமென்டேட்டர்’ இதழில் தொடராக வந்து 1954இல் நூலானது; பூசலில் ஒரு தரப்பாக நின்றவரே எழுதியது என்பதால் அதைக் கவனத்தோடு படிக்க வேண்டும். அதனினும் நடுநிலை வாய்ந்தது 1969இல் வெளியான ஹாரி வார்னரின் ‘ஆல் அவர் யெஸ்டர்டேஸ்’. மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரைவிட்டு அரிதாகவே வெளியேறி, மாநாடுகளுக்குப் பெரும்பாலும் போகாமலே இருந்த ஒருவர், அஞ்சலில் வந்துசேர்ந்த இதழ்களையும் கடிதங்களையும் கொண்டே மாநாடுகளின் காலத்தை எழுதிவிட முடிந்தது.

1960களில் நிலைமை மாறியது. உலக மாநாட்டை அடுத்து எந்த நகரம் நடத்துவது என்பது உறுப்பினர் வாக்கெடுப்பால் முடிவு செய்யப்படுவதால், போட்டியிடும் நகரத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே தம் தகுதியைப் பரப்பியாக வேண்டும். பாஸ்டன் நகரத்தின் முயற்சிக்குத் துணையாக 1968இல் சார்ல்ஸ் பிரவுன், எட் மெஸ்கிஸ், டேவ் வாண்டர்வெர்ஃப் ஆகியோர் தொடங்கிய சைக்ளோஸ்டைல் செய்தித்தாளே ‘லோகஸ்’. நகரத் தேர்வு முடிந்ததும் அது நின்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்டது. பாஸ்டனில் 1971இல் மாநாடு நடந்தபோது, அங்கேயே சிறந்த ரசிகர் இதழுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. மாநாட்டைக் கொண்டுவரப் பிறந்த இதழ் அம்மாநாட்டு மேடையிலேயே பரிசு வாங்கிய இந்நிகழ்ச்சி, நாற்பதாண்டு உறவின் உச்சம் எனலாம். அதன்பின் ‘லோகஸ்’ பதிப்புத் தொழில் சார்ந்த செய்தி இதழாக வளர்ந்துவிட, ரசிகர் வட்டாரச் செய்திகளின் இடத்தை 1978இல் மைக் கிளையர் தொடங்கிய ‘ஃபைல் 770’ நிரப்பியது. அதன் பெயர் 1951இல் நியூ ஆர்லியன்ஸ் உலக மாநாட்டு விடுதியில் விடிய விடியக் கொண்டாட்டம் நடந்த அறையின் எண்ணிலிருந்து வந்தது.

மாநாட்டின் அளவு 1974இல் மூவாயிரத்தையும் 1984இல் எட்டாயிரத்தையும் கடந்தபோது, யாரும் முழு மாநாட்டையும் பார்த்துவிட்டு எழுத முடியாத நிலை வந்தது. நிகழ்ச்சிகள் பல அறைகளில் ஒரே நேரத்தில் நடந்தன; விடுதி ஒப்பந்தம், பதிவு வரிசை, தன்னார்வலர் உணவு, ஓவியக் கூடம், காப்பீடு எனத் தனித்தனித் துறைகள் உருவாயின. அறிக்கை எழுதுவோரின் கண் மேடையிலிருந்து விலகி மேடைக்குப் பின்னால் சென்றது. 1980களின் நடுவில் பிரிட்டனில் இயன் சோரன்சன் தொடங்கிய ‘கான்ரன்னர்’, மாநாடு நடத்துவோர் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே அமைந்தது. 1989 பாஸ்டன் மாநாட்டுக் குழுவினரின் ‘தி மேட் 3 பார்ட்டி’ இன்னும் ஒருபடி மேலே சென்று, குழுக்கூட்டங்களின் குறிப்புகளையும் நிர்வாகத்தைப் பற்றிய விவாதங்களையும் வாசகர் முன் வைத்தது. லெஸ்லி டூரெக்கை ஆசிரியராகக் கொண்ட அவ்விதழ் 1990இல் ஹியூகோ பெற்றதை, கதை விமர்சனத்தையும் நகைச்சுவையையும் உயிராகக் கருதிய பழைய மரபினர் வியப்போடு பார்த்திருக்கக்கூடும். ஆயினும் ஒரு பொது நிகழ்ச்சியின் நிர்வாகத்தை அதன் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகத் திறந்து காட்டியதில் அவ்விதழ் ஆற்றிய பணி பெரிது. 1939இல் ‘சர்வாதிகாரம்’ என்று எழுந்த குற்றச்சாட்டுக்கு இத்தகைய ஏடே தகுந்த விடையாக இருந்திருக்கும்.

இதழ் முன்னும் மாநாடு பின்னும் என்னும் வரிசை ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் ஷிபானோ தகுமி 1957இல் ‘உச்சூஜின்’ என்னும் ரசிகர் இதழைத் தொடங்கிய பின்னரே, 1962இல் டோக்கியோவில் அந்நாட்டின் முதல் அறிவியல் புனைகதை மாநாடு கூடியது.

பெருமாநாட்டில் கதையும் திரைப்படமும் விளையாட்டும் இடத்தை நிறைத்துவிட, அதைத் தோற்றுவித்த இதழாளர்கள் அதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். அவர்களுள் சிலர் 1984இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரசிகர் இதழ்களுக்கென்றே ஒரு சிறு மாநாட்டைக் கூட்டி, அதற்கு ‘கார்ஃப்ளூ’ என்று பெயரிட்டனர். அது ஸ்டென்சிலில் பிழையை மறைக்கத் தடவும் திருத்தத் திரவத்துக்கு ரசிகர்கள் வழங்கிய சுருக்கப் பெயர். சைக்ளோஸ்டைல் பொறிகள் வழக்கொழிந்த பிறகும் அம்மாநாடு அதே பெயரில் ஆண்டுதோறும் தொடர்ந்து கூடி வந்தது. அதைப் பற்றிய அறிக்கைகள் வழக்கம்போல் ரசிகர் இதழ்களில் வெளிவந்தன.