டேங்குக்கு முதுகு உண்டா?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000, மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, அங்குல நாடாவும் பகடையும் கொண்டு ஆடும் அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு. அதன் வரலாற்றில் நெடுங்காலம் நீடித்த கவசக் கணக்குகள் இரண்டு. 1998-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்பு வரை ஒன்று; 2017-இல் எட்டாம் பதிப்போடு வந்த மற்றொன்று. “இனிச் சிப்பாயின் துப்பாக்கிகூட டேங்கை உடைக்குமா?” என்று அப்போது பலர் நொந்துகொண்டார்கள். இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் போட்டுப் பார்த்தால், இழந்தது வேறொன்று என்று தெரிகிறது.

பழைய முறையில் வண்டிக்கு முன், பக்கவாட்டு, பின் என மூன்று கவச எண்கள். 10 மெல்லியது, 14 மிகத் தடித்தது. லேமன் ரஸ் டேங்குக்கு ஏழாம் பதிப்பில் 14, 13, 10. ஆயுதத்தின் வலிமையோடு ஒரு பகடையைக் கூட்ட வேண்டும். கவச எண்ணுக்குச் சமமானால் உரசல், மிஞ்சினால் துளைப்பு, குறைந்தால் ஒன்றுமில்லை. உரசினாலும் துளைத்தாலும் ஓர் உடல் புள்ளி போகும்; துளைத்தால் ஆயுதம் உடைவது முதல் வண்டியே வெடிப்பது வரை இன்னொரு பகடை தீர்மானிக்கும். உடல் புள்ளிகள் ஆறாம் பதிப்பில்தான் சேர்ந்தன. லேமன் ரஸ்ஸுக்கு மூன்று.

புதிய முறையில் டேங்கும் ஒரு சிப்பாயைப் போலத்தான். உறுதி, உயிர்ப் புள்ளி, காப்பு என்ற மூன்று அளவுகள் சிப்பாய்க்கும் உண்டு, டேங்குக்கும் உண்டு. எட்டாம் பதிப்பின் லேமன் ரஸ்ஸுக்கு உறுதி 8, உயிர்ப் புள்ளி 12. காப்புப் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடியைத் தாங்கிக்கொள்ளும். முன், பின் என்ற பேச்சே இல்லை.

டேங்கைக் கொல்லவென்றே உள்ள லேஸ்கேனனை எடுத்துக்கொள்வோம். அதன் வலிமை இரண்டிலும் 9. பழைய கணக்கில் முன்புறம் சுட்டால் 5 விழுந்தால் உரசல், 6 விழுந்தால் துளைப்பு. வெடிப்பைச் சேர்க்காமல் பார்த்தால், டேங்கை வீழ்த்தச் சராசரியாக ஒன்பது குண்டுகள் பட வேண்டும். பின்னால் போய் நின்றாலோ பகடையில் 1 விழுந்தாலும் உரசல்தான். மூன்று குண்டுகளில் கதை முடிந்தது. புதிய கணக்கில் ஒரே குண்டு பல உயிர்ப் புள்ளிகளைக் கழிக்கலாம் என்பதால், எங்கிருந்து சுட்டாலும் ஆறேழு குண்டுகள். ஒன்பதும் மூன்றும் கலந்து எங்கும் ஒரே எண்ணாகிவிட்டது.

இனி அந்தப் புலம்பலுக்கு வருவோம். விண்வெளி வீரனின் போல்ட்கன் துப்பாக்கிக்கு வலிமை 4. எட்டாம் பதிப்பில் அது லேமன் ரஸ்ஸைக் காயப்படுத்த 6 விழ வேண்டும்; பிறகு காப்பும் தவற வேண்டும். 18 குண்டு பட்டால் ஒரு புள்ளி போகும். 12 புள்ளிக்கு 216. மூன்றில் இரண்டு குண்டுதான் குறி தப்பாது என்பதால் சுட வேண்டியவை 324. பத்துப் பேர் கொண்ட குழு கிட்டத்தில் நின்று ஆளுக்கு இரண்டு சுட்டால் 20. பதினாறு குழுக்கள் சுட்டும் போதாது.

பழைய முறையிலோ, முன்னிருந்து சுட்டால் ஆயிரம் குண்டும் வீண். பின்னால் 4-உடன் 6 சேர்ந்தால் 10, உரசல். 18 பட்டால், அதாவது 27 சுட்டால், டேங்க் காலி. துப்பாக்கிக்கு டேங்க் அடங்கியது பழைய முறையில்தான். ஆனால் பின்னால் போய்ச் சேர வேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் கவசம் மாறுவது கற்பனைக்காரர்களின் விளையாட்டு விதி மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் பாந்தர் டேங்குக்கு முன்னால் சரிவாக வைத்த 80 மில்லிமீட்டர் தகடு; பக்கவாட்டில் 40 மில்லிமீட்டர்தான். கவசத்தை எல்லாப் பக்கமும் தடிமனாக்கினால் வண்டி நகராது. பழைய விதி இந்த உண்மையை மூன்று எண்களில் அடக்கியது.

ஆனால் அதற்கு விலையும் இருந்தது. வண்டியின் மூலைகள் வழியே மனக்கோடு இழுத்துத்தான் முன், பக்கம் பிரிப்பார்கள். பெட்டி போன்ற ரைனோ வண்டிக்குச் சரி. வளைந்து நெளிந்த வண்டிக்கு மூலை எது? மேசைமேல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அரை அங்குலத்துக்கு வழக்காடினார்கள். அநீதியும் உண்டு: நடக்கும் இயந்திரமான டிரெட்நாட் வண்டிக் கணக்கில் வந்ததால் ஒரே குண்டில் வெடிக்கலாம், அதேபோல் நடக்கும் ரிப்டைட் உயிரினக் கணக்கில் வந்ததால், அதன் ஐந்து உயிர்ப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது புதிய முறையின் நியாயமான சாதனை.

ஆக, புதியது வழக்கைத் தீர்த்தது. பழையது இடத்துக்கு மதிப்பு தந்தது. அன்று லேமன் ரஸ்காரர் ஆட்டம் தொடங்குமுன் தன் டேங்கின் பின்புறத்தை ஓர் இடிந்த சுவரோடு ஒட்டி நிறுத்துவார். எதிராளி அந்தச் சுவரைச் சுற்றிவர வழி தேடுவார். இன்றும் மேசையில் அதே சுவர் இருக்கிறது. டேங்குக்குத்தான் முதுகு இல்லை.